சபாநாயகர் சேர் வைத்தியலிங்கம் துரைசுவாமி அவர்கள்

சைவத்துக்கும் தமிழுக்குந் தொண்டுசெய்தாரைப் போற்றுங்கால், கோயில் எடுப்பித்தாரையும், பாடசாலை நிறுவினாரையும், ஏடு தேடி அச்சிட்டாரையும், பிரசங்கஞ் செய்தாரையுமே பெரும்பாலும் எடுத்துப் பேசுகின்றோம். அது தக்கதே. ஆயினும், தாம் பேசாதிருத்தலையே கடமையாகக் கொண்டு, பிறர் பேசுதற்கு இடமும் முறையும் வகுத்துக் கொடுத்தலாலே தொண்டு செய்தாரும் உளர். அவருள்ளே நம்மவர் மறத்தற்கரியவர் வேலணைச் சேர் வைத்தியலிங்கம் துரைசுவாமி அவர்கள். 1936 ஆம் ஆண்டு தொடங்கி 1947 ஆம் ஆண்டுவரை இலங்கை அரசாங்க சபையின் சபாநாயகராக வீற்றிருந்த அப்பெரியாருடைய சரித்திரத்தைச் சைவாசிரியர்கள் அறிந்திருத்தல் நன்று. சபையை நடத்துதல் என்பது ஆசிரியருக்கும் உரிய தொழிலாதலின் என்க. வகுப்பும் ஒரு சபை. மாணவர் மன்றமும் ஒரு சபை. நமது சங்கக் கூட்டமும் ஒரு சபை.

அவர்கள் வீற்றிருந்த ஆசனத்தின் அருமை, அதற்கு முன்னிருந்த நிலையை அறிந்தாலன்றி விளங்காது. அந்நிலையை நமது கரையிலிருந்தே தொடங்கிச் சொல்லலாம். புத்தளக் கரையிலுள்ள கற்பிட்டியிலே 1807 இற் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி என்பவர். கிறித்தவரேனும் தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் திரட்டி 1859 இல் ஆங்கிலத்தில் நூலாக்கி உதவியவராதலின், தமிழர் யாவராலும் நன்றியோடு நினைக்கப்படுபவர். அவர் 1838 இலே சட்டநிரூபண சபையில் தமிழருக்குப் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். அச்சபை 1833 இலே தாபிக்கப்பட்டது. உத்தியோகத்தர் ஒன்பதின்மர், உத்தியோகத்தரல்லாதார் அறுவர், தலைமை வகிப்பவர் தேசாதிபதி. மசோதாவைக் கொண்டுவருபவரும் தேசாதிபதியின் உத்தியோகத்தர். அதனைத் திருத்தவேண்டும் என்று எழுபவருக்குப் பேச அனுமதி கொடுப்பவரும் தேசாதிபதி. வாக்கெடுப்பில் வெல்பவரும் அவர் பக்கத்தவர். வழக்காளியே நீதிபதியாகவும் வீற்றிருந்த மன்று அது. அங்கே அறுவர் கொண்டுவருந் திருத்தம் எத்துணை நியாயமுடையதாயினும், கேட்கப்படுமேயன்றி ஏற்கப்படுதல் அரிது.

இந்நிலை மாறுதற்கு 90 ஆண்டு சென்றது. 1924 இலே அமைந்த சட்டநிரூபண சபையில் 49 அங்கத்தவருள் 37 பேர் உத்தியோகத்தரல்லாதார். தேசாதிபதி பெயரளவில் தலைவராயிருப்ப, சபையினர் தாமே தெரிந்தெடுத்த உபதலைவர் சபையை நடத்தினார். சேர் ஜேம்ஸ் பீரிஸ் என்பவர் அவ்வாறு தெரியப்பட்டவர். அவர் தலைமையிலே அச்சபையில் அமர்ந்து முறைகளைக் கண்டறிந்தவருள் ஒருவர் நமது துரைசுவாமி அவர்கள்.

துரைசுவாமி அவர்கள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த வேலணைத் தீவிலே, 1874 ஆம் ஆண்டு ஆனி மாதம் 8 ஆந் தேதி, வைத்தியலிங்கம் என்பவருக்குப் புதல்வராகப் பிறந்தார்கள். அக்காலம் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் அவர்கள் உயிரோடிருந்து சைவப் பாடசாலைகளை வளர்த்த காலம். ஆங்கிலங் கற்க விரும்பினோர் மிஷன் பாடசாலைகளையே நாடவேண்டியிருந்த அந்நாளில், ஆங்கிலக் கல்வியையுங் கைவிடாது சைவத்தையுங் கைவிடாது நிற்றல் எளிதன்று. அவ்வாறு நின்ற தலைமுறையில் வைத்து எண்ணத்தக்கவர் இவர்கள். பாரததேசஞ் சென்று கல்கத்தாவிலே உயர்கல்வி கற்று மீண்டு, சட்டம் பயின்று நியாயவாதியாயினார்கள். நீதிமன்றத்திலே இருபக்கமும் பேசக்கேட்டு எழுந்த பழக்கம், பின்னாளிலே அவர்களுக்குப் பெருந்துணையாயிற்று என்று கொள்ளல் தகும். சைவப் பிள்ளைகள் சைவப் பாடசாலைகளிலேயே கற்கவேண்டும் என்று உழைத்த பெரியோரோடு கூடி நின்று, சைவக் கல்விக்குத் தம் செல்வாக்கை உதவினார்கள்.

1921 இலே வடமாகாணத்துக்கும், 1924 இலே வடமாகாணத்தின் மேற்குப் பகுதிக்கும் பிரதிநிதியாகத் தெரியப்பட்டுச் சட்டநிரூபண சபையிற் புகுந்தார்கள். 1931 இலே டொனமூர் அரசியற்றிட்டம் நடைமுறைக்கு வந்தது. பூரண சுயராச்சியந் தராத திட்டம் எமக்கு வேண்டா என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் தேர்தலைப் பகிஷ்கரித்தமையால், யாழ்ப்பாணக் குடாநாட்டின் தொகுதிகள் நான்கும் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன. 1936 இலே நிகழ்ந்த பொதுத் தேர்தலில் ஊர்காவற்றுறைத் தொகுதிக்கு அங்கத்தவராகிய துரைசுவாமி அவர்கள், அவ்வாண்டு பங்குனி மாதம் 17 ஆந் தேதி சபாநாயகராகத் தெரியப்பட்டார்கள். நான்கு தொகுதிகளும் வெறுமையாயிருந்த சபையிலே, அந்நான்கனுள் ஒன்றிலிருந்து வந்த தமிழர் தலைமை ஆசனத்தில் ஏறினமை அக்காலத்தார்க்கு வியப்பாகவே இருந்திருத்தல் வேண்டும்.

அச்சபையை நடத்துதல் ஏனைய பாராளுமன்றங்களை நடத்துதலினும் அரிது. அதன் காரணத்தைச் சொல்வாம். அங்கத்தவர் 61 பேர். அவருள் 50 பேர் குடிகளால் தெரியப்பட்டவர். 8 பேர் நியமனம் பெற்றவர். மூவர் அரசாங்க உத்தியோகத்தர். தெரியப்பட்டோரும் நியமனம் பெற்றோருமாகிய அங்கத்தவர் ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்து நிற்க, ஒவ்வொரு குழுவின் தலைவரும் மந்திரியாவர். அரசாங்கக் கட்சி, எதிர்க்கட்சி என்னும் பிரிவு அங்கே இல்லை. கட்சிக் கட்டுப்பாடு உள்ள சபையிலே, ஒரு திருத்தம் வெல்லுமோ தோற்குமோ என்பது விவாதந் தொடங்குமுன்னரே பெரும்பாலுந் தெரியும். அரசாங்க சபையிலோ, ஒவ்வோர் அங்கத்தவரும் தம்மனம்போல வாக்களிப்பர். ஒரு மந்திரியின் பிரேரணையை மற்றொரு மந்திரியே எதிர்த்தலுங் கூடும். ஆதலால் எந்தத் திருத்தம் எப்பொழுது, எவ்வாறு சபைமுன் வைக்கப்படுகின்றது என்பது, முடிபையே மாற்றவல்லதாயிற்று.

இனித் திருத்தம் என்பது யாது, அதனைத் தலைவர் நடத்தும் முறை யாது என்பவற்றைச் சுருக்கிக் கூறுவாம். ஒருவர் பிரேரணையொன்றைக் கொண்டுவருவர். அதிலே சில சொற்களை நீக்குக என்பதும், சிலவற்றை நீக்கி வேறு சிலவற்றை இடுக என்பதும், சிலவற்றைச் சேர்க்க என்பதுமாகத் திருத்தம் மூவகைப்படும். தலைவர் முதலிலே அத்திருத்தம் பிரேரணையின் பொருளோடு இயைபுடையதா என்று நோக்குவர், இயைபில்லாதது விலக்கப்படும். வேண்டாம் என்று வெறுமனே மறுப்பதையே திருத்தமென்று கொண்டுவருதலும் விலக்கப்படும். மறுக்க விரும்புவோர் ஈற்றிலே பிரேரணைக்கு எதிராக வாக்களித்தால் அமையும். சபை முன்னரே தீர்மானித்துவிட்டதை வேறு சொல்லால் மறுபடியும் எழுப்புதற்கும் இடமில்லை. பல திருத்தங்கள் வரின், பிரேரணையின் வாசகத்திலே முன்வரும் இடத்தைத் திருத்துவது முன்னும், பின்வரும் இடத்தைத் திருத்துவது பின்னுமாக எடுத்துக்கொள்ளப்படும். திருத்தத்துக்கே திருத்தம் வரின், அதனை முன்னர்த் தீர்த்தல் வேண்டும். திருத்தம் விவாதத்திலிருக்கும்பொழுது பேசுவோர் அதனைவிட்டு வேறெங்கோ செல்வாராயின், தலைவர் அவரை நெறிப்படுத்துவர்.

இவற்றுள்ளெல்லாந் தலையாயது ஒன்றுண்டு. திருத்தத்தை முதலிலே வாக்கெடுப்புக்கு விடவேண்டும். அது தீர்ந்தபின், திருந்தியபடியோ திருந்தாதபடியோ பிரேரணையை விடவேண்டும் என்பதே அது. இம்முறையை மாற்றிப் பிரேரணையை முதலில் விட்டால் என்னாகும்? பிரேரணையின் பெரும்பகுதியை விரும்புவோர் யாவரும் அதனை ஏற்றுவிடுவர். சிறுபான்மையோர் கேட்ட சிறு திருத்தம், கேட்கப்படாமலே இறந்துபோகும். முறைப்படி விட்டாலோ, ஒவ்வோர் அங்கத்தவரும் அத்திருத்தம் ஒன்றனுக்கே தனியாக ஆம் என்றேனும் அன்று என்றேனும் விடைசொல்லியே தீரவேண்டும், மழுப்புதற்கு வழியில்லை. சிறுபான்மையோர்க்குச் சபையிலுள்ள காவல்களுள்ளே இதனினும் பெரியது வேறில்லை எனலாம்.

துரைசுவாமி அவர்களுடைய காலத்திலே சபை கண்ட முதற் பெருஞ்சோதனை 1937 இலே வந்தது. பிரேஸ்கேடில் என்னும் அவுஸ்திரேலிய வாலிபரை நாட்டைவிட்டு வெளியேற்றும்படி தேசாதிபதி ஸ்டப்ஸ் துரை கட்டளையிட்டனர். அக்கட்டளை மந்திரிகளைக் கலவாது பிறந்தது என்று சபையார் சினந்து, தேசாதிபதியைக் கண்டிக்கும் பிரேரணையைக் கொண்டுவந்து, 34 வாக்குக்கு 7 வாக்காக நிறைவேற்றினர். காசிச்செட்டியின் காலத்திலே தலைமை ஆசனத்தில் வீற்றிருந்தவர் தேசாதிபதி. நூறாண்டுக்குள்ளே அத்தேசாதிபதியின் செயலையே சபை ஆராய்ந்து குற்றங்கூறியது. சபையின் தலைவர் சபைக்கே உரியவர், அரசாங்கத்துக்கு உரியவரல்லர் என்பது அன்று வெளிப்படையாயிற்று.

இரண்டாவது சோதனை, தலைவருடைய நெஞ்சையே தொடுவது. கொழும்பிலே காலிமுகக் கடற்கரையிலுள்ள சபா மண்டபத்தில், 1944 ஆம் ஆண்டு வைகாசி மாதம் 24 ஆந் தேதியும் 25 ஆந் தேதியும் அது விவாதிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலே களனித் தொகுதிக்கு அங்கத்தவராகி வந்த ஜே. ஆர். ஜயவர்த்தனா அவர்கள், ஆங்கிலத்தின் இடத்திலே சிங்களத்தை அரசகரும மொழியாக்குதற் பொருட்டு ஒரு பிரேரணைக்கு முன்னறிவித்தல் கொடுத்திருந்தார். பாடசாலைகளிலே போதனாமொழி, பொதுப் பரீட்சைகளிலே கட்டாய பாடம், சபை நடவடிக்கையின் மொழி, நூல் மொழிபெயர்ப்பு என்பவை அப்பிரேரணையின் உறுப்புக்கள். தமிழ் பேசும் மாகாணங்களிலே தமிழும் வழங்கவேண்டும் என்பதே தமது கருத்தென்று அவர் விவாதத்தில் விளக்கினார். மட்டக்களப்பு, திருகோணமலைத் தொகுதியின் அங்கத்தவராகிய வ. நல்லையா அவர்கள், சிங்களம் என்னுஞ் சொல்லை அடுத்துத் தமிழையுஞ் சேர்க்கவேண்டும் என்று திருத்தங் கொண்டுவந்தார். நல்லையா அவர்கள் ஆசிரியத் தொழிலிலிருந்து சபை புகுந்தவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது.

இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இவ்விடத்திலே ஒன்று சொல்ல விரும்புகின்றோம். ஆங்கிலத்திலே அத்திருத்தம் இரண்டு சொற்களைச் சேர்ப்பது. தமிழிலே சொன்னால் உம்மையைச் சேர்ப்பது. சிங்களமும் தமிழும் என்பது எண்ணும்மை. அஃது இரண்டனையும் ஒருநிரையாக நிறுத்துவது. தமிழ் பேசும் மாகாணங்களிலே தமிழும் என்பதோ எச்சவும்மை. அது முன்னொன்று நிற்க அதனைத் தழுவிப் பின்னொன்று நிற்பது. இவ்வேறுபாடு வடமாகாணத்தார்க்கும் கிழக்கு மாகாணத்தார்க்குஞ் சிறிதாகத் தோன்றலாம். வடமேல் மாகாணத்திலே, சிலாபத்திலும் முன்னேசுவரத்திலும் உடப்பிலும் முந்தலிலும் கற்பிட்டியிலும் வாழும் நமக்கு அது சிறிதன்று. தமிழ் பேசும் மாகாணம் என்னும் எல்லைக்குப் புறத்தே நிற்பவர் நாம். அவ்வெல்லையால் வரையறுக்கப்படின் நமது பிள்ளைகளின் போதனாமொழி ஐயத்திற்கிடமாம். எண்ணும்மையாற் சேர்க்கப்படின் தமிழ் எங்கும் உடனிற்கும்.

துரைசுவாமி அவர்களோ தமிழர், சைவர், யாழ்ப்பாணத்தவர். அவர்களுடைய தாய்மொழியின் நிலையே சபைமுன் நின்றது. ஆயினும், சபாநாயகர் விவாதத்திலே கலத்தலுமில்லை. இருபக்கமும் வாக்குச் சமமாய் நின்றாலன்றி வாக்களித்தலுமில்லை. ஊர்காவற்றுறைத் தொகுதியார் தம் பிரதிநிதியின் வாக்கை அவ்வாசனத்துக்குக் கொடுத்துவிட்டவராயினர். சபை முறைப்படி திருத்தமே முன்னர் வாக்குக்கு வந்தது. 29 பேர் ஏற்றனர். 8 பேர் மறுத்தனர். பின்னர்த் திருந்திய பிரேரணை வந்தது. 27 பேர் ஏற்றனர், இருவரே மறுத்தனர். சிங்களர் பெரும்பான்மையோராயிருந்த சபையிலே, தமிழை உடன்சேர்க்க மறுத்தவர் எண்மரே என்பது எண்ணத்தாற் கணிக்கப்பட்டதன்று, எண்ணிக்கையாற் காட்டப்பட்டது. கேள்வி தனித்துக் கேட்கப்பட்டமையாலேயே அவ்விடை நமக்குக் கிடைத்தது.

தமிழர் ஒருவர் அவ்வேளையில் வாய்மூடியிருந்தது குற்றமன்றோ என்று வினவுவாருமுளர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. அன்று ஆசனத்திலிருந்தவர் தம்மினத்தார் பக்கஞ் சிறிதேனுஞ் சாய்ந்தாரென்று ஐயம் பிறந்திருப்பின், வென்ற திருத்தத்தின்மேலும் அவ்வையம் படிந்திருக்கும். 29 பேருடைய வாக்குக்கும் மதிப்புக் குறைந்திருக்கும். பாரத மத்திய சட்டசபைக்கு 1925 இலே தெரியப்பட்ட முதல் இந்தியத் தலைவராகிய வித்தல்பாய் பட்டேல் அவர்களும் ஆசனம் ஏறியபின் தமது கட்சித் தொடர்பை நீக்கிக்கொண்டார். அதனாலன்றோ, 1929 இலே அரசாங்கத்தார் கொண்டுவந்த பொதுசன பாதுகாப்பு மசோதாவை முறையன்றென்று அவர் தடுத்தபோது, அத்தீர்ப்பு வலிமை பெற்றது. நடுவுநிலை என்பது அன்பில்லாமை அன்று; தன்னிடத்து நம்பிக்கை வைத்த இருதிறத்தாரையும் ஏமாற்றாமை.

எனினும், முறை ஒன்றே யாவற்றையுங் காக்குமென்று நாம் மயங்குதல் கூடாது. 1944 இன் தீர்மானத்தை நடைமுறைப்படுத்தும் வழியை ஆராயத் தெரிகுழு அமைந்து 1946 இலே அறிக்கையும் வெளியிட்டது. 1945 இலே சோல்பரித் திட்டத்தைச் சபை 51 வாக்குக்கு 3 வாக்காக ஏற்றது. 1947 இலே அரசாங்க சபை முடிவெய்தி, பிரதிநிதிகள் சபை தோன்றியது. பதினோராண்டுக்கு மேலாகச் சபாநாயகராயிருந்த துரைசுவாமி அவர்களின் பணியும் அத்துடன் முடிந்தது. 1956 இலே சிங்களம் ஒன்றே அரசகரும மொழி என்னுஞ் சட்டம், 56 வாக்குக்கு 29 வாக்காகப் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. 1944 இலே சேர்ந்த உம்மை, 12 ஆண்டிலே நீங்கிற்று. அப்பொழுது துரைசுவாமி அவர்களுக்கு வயசு 82. தாம் தலைமைவகித்த சபையிலே சேர்ந்த சொல் நீங்கியதைக் கண்ணாற் கண்டபின்னர், 1966 ஆம் ஆண்டு சித்திரை மாதம் 12 ஆந் தேதி சிவபதமடைந்தார்கள். 1987 இலே நிறைவேறிய அரசியலமைப்பின் 13 ஆந் திருத்தம், தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று விதித்தது. அது திருத்தத்தின் வழியாகவே மீண்டும் வந்தது. ஆயினும் எச்சவும்மையாக வந்தது.

இவ்விடையீட்டிலே நமது கரையில் நிகழ்ந்ததை நாம் அறிவோம். நீர்கொழும்பு தொடங்கிப் புத்தளம் வரையுள்ள கரையோரத்திலே, பாட்டனார் தமிழிலே பேசிய குடும்பங்கள் பல, பாடசாலையின் போதனாமொழி மாறியபின் பேரப்பிள்ளைகள் தமிழ் அறியாத குடும்பங்களாயின. திரௌபதையம்மனை வழிபட்டுத் தீமிதிக்கும் உடப்பு மக்கள், தமிழையுஞ் சைவத்தையும் ஒருங்கே காத்து நிற்கின்றனர். ஒரு பிரேரணையின் வாசகத்திலே ஒரு சொல் சேர்வதும் நீங்குவதும் எத்துணைப் பெரிது என்பதற்கு இக்கரையே சான்று. ஆதலின் சபை முறையை வக்கீல்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் உரியதென்று விட்டுவிடாது, நமது மாணாக்கருக்குக் கற்பித்தல் வேண்டும்.

மிஷன் பாடசாலைகளிலே படித்த நம்மனோர், வாரந்தோறுங் கூடிய மாணவர் சங்கங்களிலே பிரேரணை, வழிமொழிதல், திருத்தம், வாக்கெடுப்பு என்பவற்றைச் சிறுவயசிலேயே பழகினோம். மதத்திலே அவரோடு மாறுபட்டேமாயினும், அவர் செய்த நன்மையை மறைத்தல் சைவநீதியன்று. நமது சைவப் பாடசாலைகளிலும் அப்பழக்கம் வேரூன்றவேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் மாணவர் மன்றங் கூடுமாயின், ஆசிரியர் தாமே தலைமை வகியாது ஒரு மாணாக்கனை ஆசனத்திலிருத்துக. தலைவனாயிருப்பவன் தன் கருத்தைச் சொல்லாதிருக்கப் பழகுக. திருத்தங்களை எழுதி வாங்குக. வாய்ச்சொல்லாக வருவது பின்னர்த் திரிபடையும். எழுதியதை எல்லோருங் கேட்க வாசிக்க; வாக்களிப்பவர் எதற்கு வாக்களிக்கின்றோமென்று அறியாது கையுயர்த்தல் கூடாது. திருத்தத்தை முன்னும் பிரேரணையைப் பின்னும் விடுக. ஒருவனே ஒருபக்கம் நின்றாலும், அவன் பேசி முடிக்குமளவும் ஏனையோர் அடங்கியிருக்கச் செய்க.

நமது கோயிற் சபைகளும் சங்கங்களும் இதனைக் கைக்கொள்ளுமாயின் எத்துணை நன்று. நம்மவர் கூட்டங்களிலே பெரியவர் ஒருவர் சொன்னதே தீர்மானமாகி, மாறுபட்டவர் மனங்கசந்து வெளியேறி, ஈற்றிலே வழக்கு நீதிமன்றமேறி, சுவாமியின் பொருள் வக்கீல்களுக்குச் செலவாதலைக் காண்கின்றோம். கருத்து வேறுபாடு அதற்குக் காரணமன்று. வேறுபட்ட கருத்தை முறையாகக் கேளாமையே காரணம். நாட்டின் சபையிலே சிறுபான்மையோராகிய நமக்கு நியாயங் கேட்கும் நாம், நமது சபையிலே சிறுபான்மையோராய் நிற்பாருக்கு அதனைக் கொடுத்திருக்கின்றோமா என்று எண்ணிப்பார்த்தல் வேண்டும். இளைஞரும், பெண்களும், பொருளில்லாதாருங் கொண்டுவருந் திருத்தங்கள் நமது கூட்டங்களில் வாக்குக்கு வருகின்றனவா? அவற்றை வரச்செய்தலே, வேலணைச் சபாநாயகருக்கு நாம் செய்யத்தக்க நன்றிக்கடனாம்.

திருச்சிற்றம்பலம்.